கண்ட பங்கு

அறுபதுகளில் எங்கள் தெருப் பெண்கள் நாங்களெல்லாம் பாம்பனுக்குத் தெற்கே தீவோரம் கடல்பாசி எடுக்கப் போவோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் திணிக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கிழிந்து, சோற்றில் கை வைத்தால் எரியும். வள்ளத்தை ஓட்டுவது என் வீட்டுக்காரர். எனக்கு அப்போது கைக்குழந்தை. எதிர்வீட்டுக்காரிக்கும் அப்படித்தான். நாங்கள் இருவரும் ஜோடியாகவே முங்குவோம்.

அன்று பாறையைத் தாண்டிக் கடல்புல் வளர்ந்த மணலுக்கு வந்துவிட்டோம். அங்கே ஓர் ஆவுளியா மேய்ந்துகொண்டிருந்தது. கடல்பசு என்பார்களே, அதுதான். கரையில் வெட்டிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு பார்த்தது அதுவே முதல்முறை. அதன் கைத்துடுப்புக்கு அடியில் குட்டி ஒண்டிக்கொண்டு பால் குடித்தது. எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. கிட்டே போகவில்லை, காலை உதைக்கவில்லை. மணல் கலங்காமல் மெல்ல மேலே வந்தோம்.

"ஏடி, யார்ட்டயும் வாயத் தொறக்காத," என்றாள் அவள். "பச்சப்புள்ளக்காரி அது."

மாதா மேல் சத்தியம் செய்தேன். சொன்னால் ஆண்கள் வலையோடு போய்விடுவார்கள். ஆவுளியா கிடைத்தால் வீட்டுக்கு வீடு பங்கு உண்டு. இருக்கிற இடத்தைக் கண்டு சொன்னவருக்குக் கண்ட பங்கு என்று தனியாக ஒன்று, நெஞ்சுக்கறியாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

மறுநாள் வீட்டுக்காரர் அதே இடத்துக்கு வள்ளத்தை விட்டார். எனக்குப் பதறிவிட்டது. "இங்கன பாசி அத்துப்போச்சு, வேற எங்கிட்டாவது போவோம்," என்றேன். எதிர்வீட்டுக்காரியும் ஆமாம் போட்டாள். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், வள்ளத்தைத் திருப்பினார். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

அதற்கடுத்த நாள் விடியும்போதே கரையில் கூச்சல். அவரும் அவர் அண்ணன் தம்பிகளும் வலை வைத்துத் தாயைப் பிடித்து வந்துவிட்டார்கள். குட்டி வள்ளத்துக்குப் பின்னாலேயே வெகுதூரம் வந்ததாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

"பாசி இல்லாத எடத்துலயா முந்தாநாளு அம்புட்டுப் பாசி எடுத்த? என்னத்தயோ மறைக்கிறன்னுதான் போய்ப் பாத்தோம். ஒனக்குப் பொய் சொல்ல வராது புள்ள," என்றார் வீட்டுக்காரர். ஏதோ என்னைப் பாராட்டுகிறவர் மாதிரி. பிறகு தெரு முழுக்கக் கேட்க, "இது கண்ட பங்கு, எங்க வீட்டம்மாவுக்கு," என்று ஓலைப்பெட்டி நிறையக் கறியை என் கையில் வைத்தார்.

கூட்டத்தில் எதிர்வீட்டுக்காரி நின்றாள். நான் சொல்லவில்லை என்று அங்கேயே கத்தியிருக்கலாம். பெட்டியை மணலில் வைத்துவிட்டு நடந்திருக்கலாம். மழைக்காலம், வீட்டில் கஞ்சிக்கே இழுபறி. போதாக்குறைக்கு, எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை நன்றாகவும் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், ஆக்கினேன், ருசித்துத் தின்றேன்.

பிறகு எதிர்வீட்டுக்காரி வள்ளத்தில் வேறு ஆளோடு ஜோடி சேர்ந்துகொண்டாள். எத்தனையோ நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோயில் வாசலில் அவளை மறித்தேன்.

"மாதா மேல ஆணையா நான் சொல்லலடி. அவராக் கண்டுபிடிச்சாரு."

அவளுக்குக் கோபமே இல்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சரி, சொல்லல. பங்க வாங்குனியா இல்லையா?" என்றாள்.

"வாங்குனேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பூசைக்கு உள்ளே போனாள். எனக்குத்தான் அன்று உள்ளே போகக் கால் வரவில்லை.