வாசற்படிக்கு வெளியே இடது கால்

பத்தாம் வகுப்பில் நான் நீளம் தாண்டிக்கொண்டிருந்தேன். பொதுத்தேர்வு வருடம் என்பதால் மண்டலப் போட்டியோடு விளையாட்டுக்கு முழுக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மாவட்டத்துக்குத் தேர்வானால் மட்டும் யோசிக்கலாம் என்று ஓரமாக ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் தொங்கினேன்.

எங்கள் மயிலாப்பூர் பள்ளியில் தாண்டுவதற்கு ஒரு மணல் குழி இருந்தது. மணல்தான் சரியாக இருக்காது. அந்த வருடம் ஆசிரியைகளுக்குப் புதிதாகக் கழிப்பறை கட்டினார்கள். மணல் போதாதபோதெல்லாம் கொத்தனார் எங்கள் குழியிலிருந்து ஒரு சட்டி அள்ளிக்கொள்வார். கழிப்பறை உயர உயர எங்கள் குழி ஆழமாகிக்கொண்டே போனது. போட்டிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது நான் கட்டாந்தரையில் போய் இறங்கினேன். இடது கணுக்கால் மடங்கிக்கொண்டது.

பி.டி. மிஸ் ராயப்பேட்டைக்காரர். எங்கள் ஆரோக்கியம் முழுக்க அவருடைய பொறுப்பிலும் ஒரு தகர முதலுதவிப் பெட்டியின் பொறுப்பிலும் இருந்தது. பெட்டியில் டிங்சர், பஞ்சு, ஒரு விசில், மிஸ்ஸின் மதியச் சாப்பாட்டுக்கான மாங்காய் ஊறுகாய் ஆகியவை இருக்கும். எந்தக் காயத்துக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்.

"எய்ந்து ஓடுடி. ரத்தம் ஓடுனா எல்லாம் சரியாப் பூடும்."

ஓடினேன். மூன்றாவது சுற்றில் கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அப்போதுதான் அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா மாவுக்கட்டு போட்டு ஒன்றரை மாசம் குந்த வெச்சுடுவாங்க. போட்டி பூடும். எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒர்த்தரு கீறாரு, வா."

அந்த ஆள் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் நாட்டுக்கட்டுப் போடுபவர். என் பாதத்தைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். எலும்பு உடையவில்லை, ஜவ்வுதான் என்றார். பச்சிலைச் சாறு, மூங்கில் பட்டை, துணி என்று வரிசையாக எடுத்தவர், கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டவைக்க இரண்டு முட்டையை உடைத்தார். நாங்கள் முட்டையைக் கையாலும் தொடாத குடும்பம். சொல்ல வாயெடுத்தேன். பதினெட்டு நாள் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் முதலில் மோப்பம் பிடித்தது எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா.

"என்னடி நாத்தம் இது, ஆத்துக்குள்ள?"

சொன்னேன். அப்பா தெருமுனைக் கடைக்குப் போய்க் குடும்பப் புரோகிதருக்குப் போன் செய்து, மருந்துக்கு தோஷமில்லை என்ற தீர்ப்போடு திரும்பினார்.

"மருந்துக்கு இல்லை, சரி. முட்டைக்கு?" என்றாள் அத்தை. அதைக் கேட்க அப்பா மறந்துவிட்டிருந்தார்.

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பெண் உள்ளே, கால் வெளியே. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம், ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவான நடையில், ஒரு முக்காலியின் மேல் கால். நான்கு நாள் அப்படியே இருந்தேன். பக்கத்துப் போர்ஷன் மாமா ஆபீஸ் போகும்போது குனிந்து, "கால் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடுகிறவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். சுளுக்கிய காலை உயரத் தூக்கி வைத்து அசையாமல் இருப்பதுதான் சரியான வைத்தியம் என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அத்தைக்கு இது தெரியாமல் போனதும் நல்லதுதான்.

நான்காம் நாள் ஒரு பூனை வந்து கட்டை நக்க ஆரம்பித்தது. அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கட்டை அவிழ்த்து எறிந்தாள். என்னை இரண்டு தடவை குளிப்பாட்டினாள். உளுந்தை மைய அரைத்து, மஞ்சள் கலந்து, என் மர ஸ்கேலை இரண்டாக உடைத்து வைத்து, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தானே ஒரு கட்டுப் போட்டாள். பார்க்க அசலைவிட அழகாக இருந்தது. கால் கூடத்துக்குப் பதவி உயர்வு பெற்றது.

ஆனால் அரைத்த உளுந்து சென்னைப் புழுக்கத்தில் என்ன செய்யுமோ அதைச் செய்தது. மூன்றே நாளில் கட்டு பொங்கிவிட்டது. வீடு முழுக்க இட்லி மாவு வாசனை. அத்தைக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குத்தான் கால் மறுபடி வீங்கி, வலியில் உயிர் போயிற்று. உன்னால்தான் எல்லாம் போச்சு என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவள் ஆட்டோ கூப்பிட்டாள்.

கட்டுக்காரர் காலைப் பார்ப்பதற்கு முன்பே முகர்ந்துவிட்டார்.

"இன்னா மாமி இது? கால்ல இட்லி ஊத்தி வெச்சிக்கீறீங்க?"

அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. "நான் போட்ட கட்டை அவுத்த கால்ல நான் மறுபடி கை வெக்கறதில்ல. இன்னும் பதினோரு நாள்னு சொல்றீங்க. கட்டு இல்லாம அது குதிக்க முடியாது. அவ்ளோதான்."

அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அங்கேயும் கெஞ்சவில்லை. "எத்தனை முட்டை போடுவேள்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் கொஞ்சம் அசந்துதான் போனார். "ரெண்டு. வெள்ளை மட்டும்." பச்சிலைப் பொடியும் மூங்கில் பட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

மயிலாப்பூரில் அம்மா முட்டை வாங்கினால் அவள் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிடும். பஸ் பிடித்துத் தியாகராய நகருக்குப் போனாள். நானும் நொண்டிக்கொண்டே கூடப் போனேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நம்மை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. முட்டைக்காரர் சும்மா இல்லாமல், "அவிக்கவா, ஆம்லெட்டுக்காமா?" என்று கேட்டார்.

"காலுக்கு," என்றாள் அம்மா.

எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு வாங்கினாள். புடவைக்கடைப் பைக்குள் வைத்து, பஸ்ஸில் யாரும் இடிக்காதபடி கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

அத்தை கோயிலுக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள். மூக்கையும் வாயையும் புடவைத் தலைப்பால் கட்டிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் உடைத்ததெல்லாம் தேங்காய்தான். முதல் முட்டையை ஓங்கிக் கல்லில் போட்டாள். அது எங்கள் இரண்டு பேர் மேலும் தெறித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலிருந்து கொஞ்சம் கை பழகியது. வெள்ளையைத் தனியாக எடுத்து, என் காலில் தடவி, பட்டையை வைத்து இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்ததும் கல்லுக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். பிறகு தலைக்குக் குளித்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தாள். உன்னால்தான் என்று கத்தினேனே என்று எனக்கு அழுகையாக வந்தது.

கோயிலிலிருந்து வந்த அத்தை மூக்கை உறிஞ்சினாள். "கால் வெளியில போகட்டும்."

"கால் இங்கேதான் இருக்கும். கட்டினது நான்," என்றாள் அம்மா. "என்னையும் வெளியில உக்கார வெக்கணும்னா சொல்லுங்கோ, உக்காந்துக்கறேன். சமையலை யார் பாக்கறது?"

அன்றைக்கு அத்தை ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

போட்டியன்று காலையில் பி.டி. மிஸ் கட்டைப் பிரித்தார். கால் நன்றாகவே இருந்தது. முதல் தாண்டல் ஃபவுல். இரண்டாவது சுமார். மூன்றாவதில் என்னிடம் இருந்ததையெல்லாம் போட்டுத் தாண்டினேன். நான்காவது இடம் வந்தேன். மூன்றாவதாக வந்தவளுக்கும் எனக்கும் இரண்டு விரற்கடைதான் வித்தியாசம். மிஸ்ஸின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவர் சட்டை நனைய அழுதேன்.

வீட்டில் சொன்னதும், "சரி, இனிமே படிப்பு" என்றார் அப்பா. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு காய் வாங்கக் கிளம்பும்வரை அம்மா அடுப்படியிலேயே நின்றிருந்தாள்.

"முதல்ல வந்தது யாரு?"

"சாந்தோம் பொண்ணும்மா. நன்னா உயரமா இருக்கா. தினம் ரெண்டு முட்டை சாப்பிடறாளாம்."

"பதினொண்ணாவதுலயும் இந்தப் போட்டி உண்டோ?"

"உண்டு."

அம்மா கூடத்துப் பக்கம் எட்டி, அத்தை எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அதை வேக வெச்சா ரொம்ப நாறுமோ?"

எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம்.