காலுக்குத் திங்களும் வியாழனும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. நாலு பேரை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது மூன்று, தாயில்லாமல் என்னிடம் வந்தவன் என் கொழுந்தனார் மகன். இந்த வயதில் நான் ஜிம்முக்குப் போகிறேன் என்று ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் எத்தனை கிலோ தூக்குறீங்க என்று கேட்கிறார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகையால் நான் சொல்லச் சொல்ல மகள் வயிற்றுப் பேத்தி இதை எழுதுகிறாள்.

அவிநாசியில் என் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். ஒருநாள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினேன். உருவி முடித்து எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை, விழவும் இல்லை. கால் தூக்கவில்லை, அவ்வளவுதான். நகர்ந்துபோய் கதவு நிலையைப் பிடித்துப் பார்த்தேன், அப்போதும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கிவிட்டாள். தூக்கிவிட்ட கையோடு என் இளைய மகனுக்குப் போனும் போட்டுவிட்டாள்.

அவன் மதுக்கரையில் வீடு கட்டிக் குடியிருக்கிறான். மறுநாளே வந்து நின்றான்.

“ஏனுங்கம்மா, தனியா இருந்தது போதுமுங்க. இந்த ஊட்டை வாடகைக்கு உட்டுப்போட்டு எங்ககூட வந்துருங்க.”

“பொறகு பாக்கலாம் கண்ணு.”

“பொறகு எல்லாம் வேண்டாங்கம்மா. தரையில உக்காந்து, கையை ஊணாம, யாரும் புடிக்காம எந்திரிச்சுக் காட்டுங்க. அப்பறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

அவன் பேச்சுவாக்கில் சொன்னான். நான் அதைப் பந்தயமாகவே எடுத்துக்கொண்டேன். மருமகள் தங்கமானவள்தான். ஆனாலும் அவள் அடுப்படியில் எனக்கு ஒரு டீ வேண்டுமென்றால் நான் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். இந்த வீடு நான் மில்லில் நின்று வேலை பார்த்துக் கட்டியது. இங்கே யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

தொடையில் சதை வற்றிப்போய்விட்டது, எடை தூக்கிப் பழகினால் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் தெருமுனை பேக்கரிக்கு மேல்மாடியில் பெண்களுக்கென்று ஒரு ஜிம் இருக்கிறது. அங்கே சொல்லித்தருவது ஒரு இளம்பெண். முதல் நாளே என் வாரத்தை அவள் பிரித்துப் போட்டாள். திங்கள் கால். புதன் நெஞ்சும் முதுகும். வெள்ளி தோளும் கையும்.

“எனக்கு எந்திரிக்கோணும், அவ்வளவுதான் அம்மணி. கைக்கும் முதுகுக்கும் எதுக்கு வேலை?”

“கால் எந்திரிச்சாப் போதுமுங்களா? முதுகு நிமிர வேண்டாமுங்களா?”

“அப்படீன்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல செஞ்சுபோட்டா என்ன?”

“வேலை செய்யறன்னைக்குச் சதை தேயுமுங்க. வளர்றது லீவு அன்னைக்குத்தான். அதனாலதான் ஒரு சதைக்கு லீவு உட்டுப்போட்டு இன்னொண்ணுக்கு வேலை குடுக்கறோம்.”

இது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நான் நூல் சுற்றும் ரீலிங்கில் வேலை பார்த்த மில்லில் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடையாது. ஒரு டிபார்ட்மெண்டுக்கு ஒரு நாள் என்று மாறி மாறி வரும். மில் ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பையும் அப்படி ஓட்டலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதன்பிறகு என் புத்தி முழுக்க இதிலேயே போயிற்று. தள்ளுவதற்கு ஒரு சதை, இழுப்பதற்கு ஒரு சதையாம். வாசல் கேட்டைத் தள்ளும்போது ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. இழுத்துச் சாத்தும்போது நெஞ்சு தளர்ந்து முதுகு இறுகியது. இத்தனை வருஷம் இந்த உடம்போடு இருந்துவிட்டு, அதில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். பேக்கரியில் டீ ஆற்றுகிறவரை நின்று பார்த்தேன். வலது கை மேலே போகிறது, இடது கை கீழே இறங்குகிறது.

“ஏனுங்க, உங்க தோளுக்கு என்னைக்கு லீவு?” என்று கேட்டேன்.

“தோளுக்குத் தனியா லீவாங்க? எனக்கே கிடையாதுங்க!” என்றார்.

வெள்ளிக்கிழமைதான் எனக்குச் சங்கடமாகிப் போனது. ஜிம்மில் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் “வலிக்குதுங்களா?” என்று கேட்பாள். “இல்லீங்க அம்மணி” என்பேன். “இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுங்களா?” என்பாள். “ஏத்துங்க” என்பேன். ஒருவர் இடத்துக்குப் போய், அவர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. விருந்துக்குப் போன இடத்தில் குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்வோமா? அப்படித்தான் இதுவும். அவளும் ஏற்றிக்கொண்டே போனாள். ஒரு சனிக்கிழமை காலையில் தலை முடியக் கையைத் தூக்கினால் தோள் வரவில்லை. அன்றைக்கு மகன் வராதது என் நல்ல காலம். வந்திருந்தால் அப்படியே காரில் ஏற்றியிருப்பான்.

திங்கட்கிழமை அந்தப் பெண் என் தோளை அமுக்கிப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமை இங்க வாரதுக்கு முன்னாடி ஊட்டுல என்ன வேலை செஞ்சீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. வெள்ளிக்கிழமைன்னா ஊடு வாசல் கழுவறதுதான். குடத்துல தண்ணி மொண்டு ஊத்தி, தேச்சு, தள்ளி…”

“அய்யோ! அத்தனையும் தோள் வேலைங்க. அதை முடிச்சுப்போட்டு வந்து இங்கயும் தோளா? வலிக்குதான்னு நான் கேட்டப்ப ஏனுங்க சொல்லல?”

“நீங்க ஆசையாக் கேக்கறீங்க. எப்படீங்க இல்லேங்கறது?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “இங்க மட்டும் மரியாதையே வேண்டாங்க. வலிச்சாக் கத்துங்க. போதும்னா போதும்னு சொல்லிப்பழகுங்க. இனி அதுவும் ஒரு பயிற்சிதான்.”

அந்தப் பயிற்சி எடை தூக்குவதைவிடக் கடினமாக இருந்தது. வாரத்தையும் புதிதாகப் பிரித்தாள். திங்களும் வியாழனும் கால். செவ்வாய் இடுப்புக்கு மேலே எல்லாம் சேர்த்து. வெள்ளிக்கிழமை ஜிம் இல்லை, வீடு கழுவுவதோடு சரி. ஒரே சதைக்கு இரண்டு முதலாளி கூடாது என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். பிறகு குட்டை முக்காலி. பிறகு அதைவிடக் குட்டையான பலகை. உட்கார்கிற இடம் இறங்க இறங்க எந்தச் சதை விழித்துக்கொள்கிறது என்று தொடையில் கையை வைத்துப் பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மகன் சொல்லாமல் வந்தான். மருமகள் எனக்கென்று ஒரு அறையை ஒழித்தே வைத்துவிட்டாளாம்.

“எங்கீங்கம்மா, எந்திரிச்சுக் காட்டுங்க பாக்கலாம்.”

முந்தின நாள் வியாழன். தொடை இரண்டும் கல்லாகக் கிடந்தன. உட்கார்ந்தால் எழமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

“இன்னைக்கு முடியாது.”

“அப்ப கிளம்பலாமுங்களா?”

“காலுக்கு இன்னைக்கு லீவு. ஞாயித்துக்கிழமை வா.”

அவனிடம் இப்படி முகத்துக்கு நேராக நான் மறுத்துப் பேசியதில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டான். “ஞாயித்துக்கிழமை வாரனுங்க” என்று போய்விட்டான்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்தான். பேத்தியும் இருந்தாள். கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு காலை மடக்கி முட்டி போட்டேன், மற்றதை முன்னால் ஊன்றினேன். பாதி தூரத்தில் தொடை நடுங்கியது. முன்கால் முட்டியின் மேல் கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். எழுந்து நின்றுவிட்டேன்.

“கையை வெச்சீங்களே!” என்றான் மகன்.

“தரையில ஊணக் கூடாதுன்னுதான சொன்னே. முட்டி என்னுது, தரையில்ல.”

“அப்படி என்ன கஷ்டம் இதுல?” என்று அவனும் தரையில் உட்கார்ந்தான். எழும்போது வயிறு மறித்தது. வலது கை தரையில் பொத்தென்று ஊன்றியது. பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவன் தொடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்தச் சதை இளைத்திருக்கிறது என்று.

சாப்பிட்டுவிட்டு, மதுக்கரைப் பேச்சை எடுக்காமலே காரில் ஏறினான். எனக்கு ஒழித்த அறையில் மருமகள் தையல் மெஷினைப் போட்டுக்கொள்ளட்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

எழுதியாச்சா கண்ணு? எங்கே, முதலில் இருந்து ஒருதரம் படி, கேட்கிறேன். நான் சொல்லாததை நீயாகச் சேர்த்திருந்தால் எனக்குத் தெரிந்துபோகும்.