கண்ணாடியில் பார்த்த வால்

நூல் நுனியை நக்காமல் மாமா ஊசியில் கோத்ததை நான் பார்த்ததே இல்லை. தையல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர் நாக்கை முழுதாக நீட்டி, நூலை அதன்மேல் இழுத்து, பிறகு அந்த விரல்களை அடுத்தவர் துணியிலேயே துடைப்பார். எதிரே உட்கார்ந்து கொக்கி தைக்கும் எனக்குக் குமட்டும். சாயங்காலம் துணிக்குச் சொந்தக்காரி வந்து, அதே இடத்தைத் தடவி, "என்ன நேர்த்தி!" என்பாள்.

மாமா என்பது என் அக்கா புருஷன். கடை அவருடையது. வெட்டுவதும் தைப்பதும் அக்கா. கொக்கியும் காஜாவும் நான். கழுத்துப் பட்டியில் தன் பெயர் போட்ட லேபிளைத் தைப்பது மட்டும் அவர் வேலை. அதற்குத்தான் இவ்வளவு எச்சில்.

ரிமோட்டில் பறக்கும் விமானத்துக்கான மோட்டார்களையும் ரிமோட்டையும் ஒருநாள் டப்பாவோடு வாங்கி வந்தார். மைதானத்தில் யாரோ ஓட்டுவதைப் பார்த்துவிட்டாராம். இரண்டு நாள் துள்ளினார், மூன்றாம் நாள் டப்பாவைப் பரணில் போட்டார். அக்காதான் அதை இறக்கினாள். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோலை, சட்டைக்கு வெட்டுவதுபோல் காகித அளவு வைத்து வெட்டி, இறக்கையும் உடம்புமாக ஒட்டினாள். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் கண் அதன்மேல்தான் இருக்கும்.

"ஒரே ஒரு ரவுண்டு நான் ஓட்டணுங்க," என்றாள் அவரிடம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் கேட்டு நான் காதில் வாங்கிய முதல் ஆசை அது.

"முதல் ரவுண்டே உனக்குத்தான். வாலை மட்டும் நான் மாட்டிக் குடுக்கிறேன். அது மெக்கானிக் வேலை, உனக்கு வராது," என்றார். விமானம் விமானமாகத் தெரியத் தொடங்கியதும் அவருக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டிருந்தது. உடனே வாலில் தன் லேபிள் ஒன்றை ஒட்டினார்.

வாலில் செங்குத்தாக நிற்கும் அட்டையை ரட்டர் என்பார்கள். படகுக்குச் சுக்கான் மாதிரி. வயிற்றில் இருக்கும் சின்ன மோட்டாரிலிருந்து அதன் இரு பக்கத்துக்கும் இரண்டு நூல் போகும். ரிமோட்டில் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது நூல் இழுபட்டு, அட்டை வலப்பக்கம் மடங்க வேண்டும். மாமா அந்த நூல்களையும் நக்கினார். அட்டையை ஒட்டும்போது பசையை வழியவிட்டு, வழிந்ததை ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைத் துணியில் துடைத்தார். நான் பார்த்ததைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு விமானத்தை வெட்டும் மேஜையில் வைத்தார். மூக்கு அவரைப் பார்க்க, வால் துணி போட்டுப் பார்க்கும் பெரிய கண்ணாடியைப் பார்க்க. தான் நின்ற இடத்திலிருந்தே வாலைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு குச்சியைத் தள்ளினார்.

"பாத்தியா, வலதுன்னா வலது!"

"பின்னாடி போய் நின்னு ஒருதரம் பாருங்களேன்," என்றாள் அக்கா மெஷினிலிருந்து.

"பின்னாடி நின்னா தெரியறதுதான் கண்ணாடியில தெரியுது. மூளை வேணும்டி."

வாலில் இருந்த லேபிள் கண்ணாடியில் திரும்பித் தெரிந்தது. "மாமா, எழுத்து இடம் வலம் மாறி இருக்கே," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது.

"கண்ணாடின்னா அப்படித்தான் இருக்கும். நீ கொக்கியைப் பாரு. இவங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுக்கிறாங்க!"

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனோம். விமானத்தை அக்கா குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அங்கே விமானம் ஓட்டும் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களைக் கண்டதும் மாமா ரிமோட்டின் வாரைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"முதல் ரவுண்டு..." என்று இழுத்தாள் அக்கா.

"அட, நாலு பேர் இருக்கிற இடத்துல மானத்தை வாங்காதே. தூக்கி எறி."

எறிந்தாள். விமானம் அழகாக எழும்பியது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. மாமா வலப்பக்கம் தள்ளினார். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. குச்சியை உடைத்துவிடுவதுபோல் வலப்பக்கம் அழுத்தினார். அது ஒரு சுழல் சுழன்று மூக்கு குத்தி விழுந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காத்து," என்றார் மாமா.

ஒரு இலைகூட அசையவில்லை. கூட்டத்தில் தாடிக்காரர் ஒருவர் வந்து, மாமாவைக் குச்சியைத் தள்ளச் சொல்லி வாலைப் பார்த்தார். "அண்ணே, ரட்டர் மாறியில்ல இருக்கு? நூலை யார் கட்டினது?"

மாமாவுக்குக் கண்கூட இமைக்கவில்லை. "இவதான். சொன்னா கேட்டாத்தானே! பொம்பளை புத்தி."

எச்சிலைக்கூடச் சகித்திருக்கிறேன், இதைச் சகிக்க முடியவில்லை. தாடிக்காரர் அக்காவைப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையாட்டினார்.

அக்கா புல்லில் உட்கார்ந்தாள். மடங்கிய மூக்குக்கு டேப் சுற்றினாள். இரண்டு நூல்களையும் அவிழ்த்து, பக்கம் மாற்றிக் கட்டினாள். பல்லால் கடிக்காமல், நக்காமல், விரலாலேயே முடிச்சுப் போட்டாள். என்னை வாலுக்குப் பின்னால் நிற்க வைத்தாள். பிறகு எழுந்து, அளவு நாடாவை உருவுவதுபோல், மாமாவின் கழுத்திலிருந்து வாரைத் தூக்கி எடுத்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது." குச்சியை அசைத்துவிட்டு என்னைக் கேட்டாள், "எந்தப் பக்கம்டி?"

"வலது," என்றேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

நான்தான் எறிந்தேன். விமானம் தள்ளாடி எழுந்து, அவள் சொன்ன பக்கம் திரும்பி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தொப்பென்று புல்லில் இறங்கியது. அக்கா சிரித்தாள். பல் முழுதும் தெரிய அவள் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியது மாமாதான். தாடிக்காரரின் தோளில் கைபோட்டு, "நாலு மாசமா நான் குடுத்த டிரெய்னிங்," என்றார். பிறகு அக்காவிடம் கையை நீட்டினார். "குடு, நான் ஒரு ரவுண்டு விடறேன்."

"பேட்டரி தீர்ற வரைக்கும் நான்தான்," என்றாள் அவள், வானத்தைப் பார்த்துக்கொண்டே. "இன்னொரு தடவை எறிடி."

எறிந்தேன். மாமா என் பக்கம் வந்து நின்று, கையில் ஒட்டியிருந்த பசையை உரித்து, வாயால் ஊதித் தள்ளினார். "உங்கக்காவுக்குத் திமிர் ஏறிடுச்சு. மதியச் சோறு எப்போ?"

நான் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.