இன்றைக்கு என்ன மரம்?

விடுதியில் சித்தியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சலவை அறை அண்ணனிலிருந்து லிஃப்ட்காரர் வரை எல்லாருக்கும் அவள் ஆசிட் அக்கா. அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள்தான் தலைமை. கழிப்பறைக்கு ஆசிட், சுவருக்கு பிளீச்சிங் பவுடர், தரைக்கு ஃபினாயில் என்று எதிலும் தாராளமாக இருப்பாள். தேய்த்துக் கழுவி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் வெளியே நிற்பாள். பிறகு தலையை உள்ளே நீட்டி ஆழமாக மூச்சை இழுப்பாள். கண்ணில் நீர் வந்தால்தான் அடுத்த அறைக்குப் போவாள்.

"கண்ணு கலங்கலைன்னா அது கழுவினதே இல்லை" என்பாள்.

அவள் என் அம்மாவின் தங்கை. அதே விடுதியின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை கிடைத்தபோது, தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னாள். இரண்டு சிறிய அறைகளும் ஒரு நீண்ட சமையலறையும் கொண்ட மாடி வீடு. சித்தப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்கிறார். மாலையில் படியேறி வரும்போது அவர் தலை ஈரமாக இருக்கும். சாப்பாட்டுப் பைக்குள் ஒரு சோப்பு டப்பாவும் துண்டும் எப்போதும் இருக்கும். மில்லிலேயே குளித்துவிட்டுத்தான் வருவார். மரத்தூள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைக்கும் மனிதர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அவர் அந்த ஈரத்துண்டைக் கொடியில் போடுவதைச் சித்தி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு திரும்பி அடுப்பைத் துடைப்பாள். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பாகத்தான் இருக்கும்.

ஒரு குடும்பம் இருமிக்கொண்டே அறையைக் காலி செய்துவிட்டுப் போனதிலிருந்து விடுதியில் எல்லாம் மாறியது. முதலாளியின் மருமகள் அப்போதுதான் நிர்வாகத்துக்கு வந்திருந்தார். நாங்கள் அவரைச் சின்ன மேடம் என்போம். சுத்தம் செய்யும் சாமான்கள் இருக்கும் அறையில் எல்லாரையும் கூட்டினார்.

"ஆசிட், ஃபினாயில், ரூம் ஸ்ப்ரே எல்லாத்துக்கும் இன்னையோட ஓய்வு. இனிமே வினிகர், சமையல் சோடா, அப்புறம் இந்த எண்ணெய்ங்க. தண்ணியில சில சொட்டு விட்டாப் போதும்."

"வினிகரும் சோடாவுமா?" என்றார் சலவை அண்ணன். "மேடம், பாத்ரூமைக் கழுவப் போறோமா, பலகாரம் சுடப் போறோமா?"

சின்னச் சின்னப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டிகள். அவற்றின் மேல் ஒட்டியிருந்ததை நான் படித்துச் சொன்னேன். சித்தி மூடியின் நிறத்தை வைத்து மனப்பாடம் செய்துகொண்டாள். மஞ்சள் மூடி எலுமிச்சைப்புல் எண்ணெய், குளியலறைகளுக்கு. ஊதா மூடி லாவெண்டர், தலையணை உறைகளுக்கு. பச்சை மூடி புதினா, எறும்பு ஏறும் ஜன்னல் ஓரங்களுக்கு. சிவப்பு மூடி ரோஜா, வரவேற்பறைக்கு. புட்டிகள் கைமாறி வந்தன. ஒருத்தி லாவெண்டரை முகர்ந்துவிட்டுத் தூக்கம் வருகிறது என்றாள். இன்னொருத்தி எலுமிச்சைப்புல்லைக் கீழே வைக்கவே மாட்டேன் என்றாள். சித்தி ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டி "நல்லா இருக்கு" என்றாள். பச்சை மூடியைத் திறந்தபோது மட்டும் புருவத்தை உயர்த்தினாள். அதை இன்னொரு தடவை முகர்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேலையே தடுமாறியது. கழுவி முடித்த குளியலறையில் நின்று மூச்சை இழுப்பாள், யோசிப்பாள், மறுபடி தேய்ப்பாள். கூட வேலை செய்யும் பெண்களைக் கூப்பிட்டு "போதுமாடி?" என்று கேட்பாள்.

"பளபளன்னு இருக்குக்கா."

"கண்ணே எரியலையே. சுத்தமாயிடுச்சுன்னு எனக்கு யார் வந்து சொல்றது?"

பழகிய கை, ஆசிட்டை விட மனம் வரவில்லை என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மழை பெய்து விருந்தினரும் குறைந்து, மற்ற பெண்களும் வராத ஒரு நாள், பிசுபிசுத்துப் போயிருந்த புட்டிகளைச் சித்தி வெந்நீரில் துடைத்து, மூடிகளைத் தனியே கழுவிக் காயவைத்துத் திரும்ப மூடிவைத்தாள். மறுநாள் காலை, அறையைக் காலி செய்ய வந்த ஒரு பெரியவர் என் மேசைக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, தலையணைக்கு என்ன போடுறீங்க? எலுமிச்சம்பழக் கூடையில தலையை வெச்சுப் படுத்த மாதிரி இருந்துச்சு. குறையாச் சொல்லலை. புரண்டு படுக்கிறப்பல்லாம் வாய் ஊறுது."

சின்ன மேடம் ஊதா மூடிப் புட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். மூடி மாறியிருந்தது. குளியலறைகள் எல்லாம் லாவெண்டரில் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த நெடியில் ஒரு நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று என்று எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள்.

சலவை அண்ணன் விடவில்லை. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க?"

சித்தி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்குப் பேச்சு கொடுத்தே பழகியவள். நிமிராமலே சொன்னாள்: "கற்பூரம் தெரியும்ணே. மூக்குக்குள்ள சில்லுன்னு போகும். புதினாவும் அப்படித்தான். மத்ததுதான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். சலவை அண்ணன் துணி மூட்டைக்குள் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"எத்தனை நாளா அக்கா?" என்று சின்ன மேடம் மெல்லக் கேட்டார்.

"நாளா? வருஷக்கணக்கு ஆச்சு."

ஒரு முறை அடைத்துக்கொண்ட குளியலறையில், பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கிடந்ததைக் கவனிக்காமல் அவசரத்தில் ஆசிட்டை ஊற்றியிருக்கிறாள். கிளம்பிய புகையில் இருமி இருமிக் கீழே விழுந்துவிட்டாள். அதையடுத்து ஒரு காய்ச்சலும் வந்தது. எழுந்தபோது எந்த வாசனையும் இல்லை. புகை கொண்டுபோனதா, காய்ச்சல் கொண்டுபோனதா என்று இனிமேல் சொல்வது கஷ்டம் என்றார், சின்ன மேடம் அழைத்துப்போய்க் காட்டிய மருத்துவர். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். நான்கு விதமான வாசனைகளைக் காலையும் மாலையும் முகர வேண்டும், ஒவ்வொன்றும் முன்பு எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும் என்றார். சின்ன மேடம் நான்கு புட்டிகளையும் அவள் கைப்பையில் வைத்துவிட்டார்.

பஸ்ஸில் சித்தி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். "உங்க சித்தப்பாகிட்டச் சொல்லிடாத பாப்பா."

"சொன்னா என்ன சித்தி?"

கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். கல்யாணமான புதிதில் அவர் மில்லிலிருந்து அப்படியே வருவாராம். தலை, புருவம், காது மடல் எல்லாம் மரத்தூள். வாசலில் நின்று "இன்னைக்கு என்ன மரம்?" என்பாராம். அவள் அவர் சட்டையின் கழுத்துப்பட்டை அருகே முகர்ந்துவிட்டு, தேக்கு, மா, வேம்பு என்று சொல்வாளாம். தப்பியதே இல்லையாம். அதற்குப் பிறகுதான் உள்ளே வருவார், குளிப்பார்.

"காய்ச்சல் விட்டு எழுந்த அன்னைக்கும் வந்து நின்னார். எனக்குத் தெரியலை. மாமரம்னு குத்துமதிப்பா ஒண்ணைச் சொன்னேன். தேக்காம். சிரிச்சார். மறுநாளும் வந்து நின்னார். எங்கே மறுபடி தப்பாப் போயிடுமோன்னு 'போய்க் குளிங்க, நேரமாச்சு'ன்னுட்டேன். நாலஞ்சு தடவை அப்படிச் சொல்லியிருப்பேன். அப்புறம் சோப்பு டப்பாவைப் பையில எடுத்து வெச்சுக்கிட்டார்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"இன்னைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு இருந்தேன். வந்த பிறகு பழையபடி சரியாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

அன்று முதல் சித்தி சமையலறை முக்காலியில் உட்கார்ந்து முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொள்வாள். எலுமிச்சைப்புல், லாவெண்டர், ரோஜா எல்லாவற்றையும் காற்றை முகர்வது போல முகர்வாள். புதினா மட்டும் சில்லென்று போகும். அந்தச் சில்லிப்புக்காக அதைக் கடைசியில் வைத்துக்கொள்வாள். அவர் வருவதற்கு முன் புட்டிகள் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் போய்விடும்.

எனக்கும் சித்திக்கும் விடுமுறையான ஒரு நாளில், மில்லில் மின்சாரம் போய், சித்தப்பா பிற்பகலிலேயே வந்துவிட்டார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி கண்ணை மூடி மூக்கருகே புட்டியைப் பிடித்திருந்தாள். அவர் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன, செண்ட் கடை போடப் போறியா?"

சித்தி விழித்தாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருடைய ஈரத் தலையைப் பார்த்தாள்.

"எனக்கு வாசனை தெரியாதுங்க."

"எதோட வாசனை?"

"எதோடதும்."

அவர் பையைக் கீழே வைத்தார். "எப்பலேர்ந்து?"

"பொகையில விழுந்தேனே, அதுலேர்ந்து."

அவர் மனதுக்குள் எதையெதையோ கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப நீ போய்க் குளிங்கன்னது?"

"தேக்கைப் போயி மாமரம்னுட்டேன். மறுநாள் என்ன சொல்றதுன்னு தெரியலை."

"நான் நாறுறேன், உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்."

"நாறினாக்கூடத் தேவலைன்னுதான் இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன்" என்றாள் சித்தி.

மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்து நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு டப்பா பையில் இல்லை, குளியலறை மாடத்தில் இருந்தது.

மறுநாள் மாலை படியில் கேட்ட காலடி வாசலோடு நின்றது. உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முன்தலையிலும் புருவத்திலும் மரத்தூளோடு சித்தப்பா நின்றிருந்தார். அவரை அந்தக் கோலத்தில் நான் பார்த்ததே இல்லை. லேசான, கொஞ்சம் இனிப்பு கலந்த ஒரு மணம் கூடம் வரைக்கும் வந்தது.

"இன்னைக்கு என்ன மரம்?" என்றார்.

சித்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் அருகே போனாள். கண்ணை மூடிக் கழுத்துப்பட்டையருகே மூச்சை இழுத்தாள். இழுத்த வேகத்தில் தூள் ஏறி அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"மூக்கு இருக்கு. எங்கேயும் ஓடிப்போகலை" என்றார் அவர்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மறுபடி சாய்ந்தாள். இந்த முறை வெகு நேரம் அப்படியே நின்றாள். மருத்துவர் சொன்னது போல, அது முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

"தெரியலைங்க."

"சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

அவர் குளிக்கத் திரும்பினார். சித்தி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க, அப்புறம் குளிக்கலாம். நாளைக்கும் இதே மரம்தானா?"

"பெரிய லோடு வந்திருக்கு. வாரம் பூரா இதுதான்."

"அப்ப சொல்லாதீங்க" என்றாள்.