மூட்டு வலிக்கு மருதப்பன் எண்ணெய்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படிக்கும் மருதப்பன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதற்கு மேல் படிக்காததை ஊர் கவனித்துவிடக் கூடாதே என்று எதையும் தேதி போட்டு, கோடு கிழித்து, நோட்டில் எழுதிவைப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட பதில்களை எழுதிக்கொண்டான். அதனால் கல்யாணம் ஆகவில்லை.

அவனுடைய பெருமையெல்லாம் தங்கை பூவம்மாதான். சிங்கப்பூர் தேக்காவில் அவள் தைத்துக் கொடுத்த ரவிக்கையில் தையல் எங்கே என்று தேட வேண்டும். மீட்டர் படிக்கும் வீடுகளில் யாரும் கேட்காமலே இதைச் சொல்வான்.

இருபத்தேழாவது வயதில் அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் கை மடங்காது. ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றை எரித்தது. 1961 ஜனவரியில் மருதப்பன் களத்தில் இறங்கினான். வேப்பெண்ணெய், பூண்டு, ஜாதிக்காய். அவன் காய்ச்சினால் பக்கத்து வீட்டுச் சீனர்கள் சன்னலைச் சாத்துவார்கள்.

தினமும் தடவிவிட்டு, விரல் மடங்க எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எழுதினான். ஜனவரியில் ஐம்பத்தைந்து. மார்ச்சில் முப்பது. மே மாதம் ஆறே நிமிடம்! மற்ற மாற்றங்களையும் அவன் விடவில்லை. "வாந்தி: பித்தம் வெளியேறுகிறது." "மாங்காய் கேட்கிறாள்: பசி திறந்துவிட்டது." "இடுப்பு பெருக்கிறது: எண்ணெய் உடம்பில் ஊறுகிறது."

மே கடைசியில் பூவம்மாவின் கணவன் இராமசாமி நெளிந்துகொண்டே வந்தான்.

"மச்சான், ஒங்க தங்கச்சி முழுகாம இருக்கா. ஒங்ககிட்ட சொல்ல வெட்கம்."

"என்கிட்ட என்ன வெட்கம்?"

"நோட்டுல எழுதிடுவீங்கன்னு பயம்லா."

மருதப்பன் எழுதத்தான் செய்தான். மூன்று வருடம் பிள்ளையில்லாத வீடு ஆயிற்றே. "கர்ப்பம்: இதுவும் எண்ணெயின் பலன்." அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. பாட்டில்களில் தன் பெயரை எழுதி ஒட்டி, மீட்டர் படிக்கும் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தான்.

அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. டிசம்பரில் பூவம்மாவின் விரல்கள் முன்னைவிட மோசமாக வீங்கின. குழந்தையின் துணிக்கு ஊக்கு மாட்டக்கூட முடியவில்லை. இராமசாமி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அவள் அசையவில்லை.

"அண்ணன் எண்ணெய்தானே அன்னைக்குச் சரி பண்ணுச்சு? இப்பவும் பண்ணும்."

மருதப்பன் இரண்டு வேளையை நான்கு வேளையாக்கினான். ஐம்பது நிமிடம், எழுபது நிமிடம் என்று ஏறியது. ஒரு காலை குளிப்பாட்டும்போது குழந்தை அவள் கையிலிருந்து நழுவியது. இராமசாமி பாய்ந்து பிடித்தான். பூவம்மா தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அன்றே மருதப்பன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். நோட்டையும் எடுத்துக்கொண்டான். எண்ணெயை டாக்டர் பாராட்டாமலா போவார்?

டாக்டர் சரஸ்வதி ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எங்க ஆளுங்களே இப்படி எழுத மாட்டாங்க."

மருதப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆனா வாந்தின்னு எழுதினப்போ ஒங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"பித்தம்னு…"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பூவம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நம்ம ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கும்மா. வெளியிலேர்ந்து வர்ற கிருமியை அடிக்கிறது அதுங்க வேலை. ஒனக்கு அதுங்க தப்பா ஒன் மூட்டையே அடிக்குது, அதான் வீக்கம். கர்ப்பத்துல சில ஹார்மோன் நிறைய சுரக்கும். அது இந்த அணுக்களை அடக்கிவைக்குதுன்னு நெனைக்கிறோம். முழுசா யாருக்கும் தெரியாது. பிள்ளை பொறந்ததும் ஹார்மோன் இறங்கிடும், வலி திரும்பிடும். நெறைய பேருக்கு இப்படித்தான். இப்பவே வைத்தியம் பார்க்கலைன்னா விரல் கோணிப்போகும்."

பூவம்மா டாக்டரை நம்பவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்தாள். அவன் "எண்ணெயே போதும்" என்றால் எழுந்து வந்துவிடுவாள். பாட்டில் வாங்கிய அத்தனை வீடும் மருதப்பன் கண்முன் வந்து போனது.

"அண்ணே, நீங்க சொல்லுங்க."

"எண்ணெய் ஒண்ணும் செய்யல பூவு. ஒன் மகதான் உள்ள இருந்து செஞ்சிருக்கா. அவளுக்கு வர வேண்டிய நல்ல பேரை நான் எடுத்துக்கிட்டேன். டாக்டரம்மா சொல்றதைக் கேளு."

அவள் மாத்திரைச் சீட்டுக்குக் கை நீட்டினாள். வயிறு எரியாமல் எப்படிச் சாப்பிடுவது என்றும் டாக்டர் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாளிலிருந்து மருதப்பன் பாட்டில்களைத் திரும்ப வாங்கப் புறப்பட்டான். கதீஜா வீட்டில் மட்டும் தகராறு.

"குடுக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி பாதி கொறஞ்சிருக்கு, தெரியுமா?"

"அப்படின்னா எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா," என்றான் மருதப்பன். "மாசமா இருந்தாலும் இருப்பாரு."