செல்வியின் சைக்கிளில் நான் கழற்றிய பெடல் பிரேக்

காலை 6.10. ரம்புக்கனையில் என் சைக்கிள் கடையைத் திறந்து, தரையில் கிடந்த பழைய பின்சக்கரத்தைச் சுவரில் மாட்டத் தூக்கினேன். பழக்கத்தில் அதன் பல்சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்பினேன். கொஞ்சம் திரும்பி, நடுவிலிருக்கும் ஹப் பிரேக் பிடித்து இறுகியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அது செல்வியின் சக்கரம். மேலே குன்றில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறவர். தினமும் சைக்கிளில் ஸ்டேஷனுக்கு இறங்கி, ரயிலில் வேலைக்குப் போவார். பல வருடமாக அவர் ஓட்டியது பெடல் பிரேக் சைக்கிள். பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். கைப்பிடியில் பிரேக்கே கிடையாது.

"இறங்குறது சுகம் அண்ணே. சாயங்காலம் தள்ளிக்கிட்டு ஏறுறதுக்குள்ள உசுரு போகுது. கியர் போட்டுத் தாங்க" என்று போன வாரம் கேட்டிருந்தார்.

கடையில் கிடந்த ஒரு மவுண்டன் சைக்கிளின் பின்சக்கரத்தையும் கியரையும் அவருடைய பிரேமில் பொருத்தினேன். அச்சின் அகலம் ஒத்துவர வாஷர் போட்டேன். முன்னும் பின்னும் கைப்பிரேக் வைத்தேன். நேற்று மாலை வந்து பார்த்துச் சிரித்தார்.

"இது என்னண்ணே, ரெண்டு சைக்கிளுக்குப் பொறந்த புள்ளயா?"

"ஓட்டிப் பாருங்க தங்கச்சி, அப்புறம் பேசுங்க. பிரேக்கைக் கையால பிடிங்க."

கடை வாசலில், சமதரையில், நான் சொன்னபடி பிடித்தார். நின்றது. நோட்டில் 'பிரேக் சரி' என்று எழுதினேன். கியரைக் குறைத்து மிதித்துக்கொண்டு மேலே போனார். ஏற்றத்தில் பிரேக் தேவைப்படாது. இறக்கம் இன்று காலைதான்; பழகிய கால் பின்னால்தான் மிதிக்கும்.

செல்விக்குப் போன் அடித்தேன். மணி போனது; எடுக்கவில்லை. அவர் புறப்படும் நேரம் 6.15. கடையைப் பூட்டாமல் என் சைக்கிளில் ஏறினேன். ஏற்றத்தின் ஒவ்வொரு வளைவிலும் அவர் வருவார் என்று பார்த்தேன். எதிரில் பால் வண்டி மட்டும் வந்தது.

மூன்றாவது வளைவில் மதகு மேல் செல்வி உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ரப்பர் மரத்தடி வடிகானுக்குள் கிடந்தது. முழங்காலில் இரத்தம். ஒரு செருப்பின் அடி ரோட்டில் உரசித் தேய்ந்து கிழிந்திருந்தது.

"கால் பின்னால மிதிக்குதுண்ணே, பெடல் சும்மா சுத்துது! கையில பிரேக் இருக்குதுன்னு நெனப்பே வரல. பஸ் வந்திருந்தா?"

"என் தப்பு தங்கச்சி."

"தப்பெல்லாம் இருக்கட்டும், என் பழைய சக்கரத்தை வித்துட்டீங்களா?"

"கடையிலதான் இருக்கு."

"அதையே போட்ருங்க. நான் தள்ளிக்கிட்டே ஏறிக்கிறேன்."

அன்றே பழைய சக்கரத்தை மறுபடி பூட்டினேன். அதில் பதினெட்டுப் பல் கொண்ட பல்சக்கரம் இருந்த இடத்தில் இருபத்திரண்டு பல் உள்ளதைப் போட்டேன்; மிதி இலேசாகும். முன் கைப்பிரேக்கைக் கூடுதலாக விட்டுவைத்தேன். இறக்கத்தில் அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். அவர் கால் தானாகப் பின்னால் மிதிக்க, சைக்கிள் நின்றது. இப்போது பாதி ஏற்றம் மிதித்தே போகிறார், மீதியைத் தள்ளுகிறார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சைக்கிளைப் பிரிக்குமுன் சொந்தக்காரரைப் பழைய சைக்கிளிலேயே ஒரு சரிவில் ஓட்டச் சொல்லுங்கள். திடீரென்று "நில்லுங்க" என்று கத்துங்கள்; பிரேக் பிடிக்கப் போவது கையா, காலா என்று பாருங்கள். என் நோட்டில் இப்போது 'பிரேக் சரி' என்ற வரி கிடையாது. அந்த இடத்தில் 'கையா, காலா?' என்று இருக்கிறது. அதை நிரப்பாமல் ஸ்பானரை எடுப்பதில்லை.