மேற்கே ஓடச் சொன்ன சாக்கடை

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு பூவாக வேகும். முக்கூடலில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது புகுந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்தக் கிணறுதான். கணவரைப் பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. கிணறு வாசல் பக்கம், தெருச் சுவரை ஒட்டி இருந்தது. நகராட்சிக் குழாயில் காற்று மட்டும் வருகிற கோடை நாட்களில் பாதித் தெரு எங்கள் வாசலில் குடத்தோடு நிற்கும். அந்தக் கிணறு வற்றிப்போகவில்லை. கூட்டம் கூடி, காப்பி குடித்து, கை தூக்கி அதைக் கெடுத்தார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புதுக் கவுன்சிலர்கள் வந்திருந்தார்கள். 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல் எல்லார் வாயிலும் அரைபட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்ததால் கவுன்சிலர் ஒரு அம்மாள். கூட்டத்துக்கு வந்து, பேசி, மாலை வாங்கி, கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய கணவர். அந்த அம்மாளை நான் கோயிலில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

தெருவின் கிழக்குக் கோடியில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் ஓடியது. வயலுக்குப் போகிற தண்ணீர். எங்கள் தெருச் சாக்கடை நேரே அதில்தான் விழுந்தது. கொஞ்சம் தள்ளி ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். இதைத் தடுக்க ஒரு வாய்க்கால் பாதுகாப்புக் குழு உருவானது. கிழக்குக் கோடி வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற தாசில்தார் தலைவர். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் நான் செயலாளர். தீர்மானம் எழுதுவதும் நன்றியுரை சொல்வதும் என் வேலை. முதல் சில கூட்டங்கள், அழைப்பிதழில் யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்பதிலேயே முடிந்தன. வாய்க்காலுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடைசியில் நகராட்சியிலிருந்து இளவயது என்ஜினீயர் ஒருவர் வந்தார். ஒரு நீளமான குழாயில் தண்ணீரை நிரப்பி, தெரு முழுக்கப் பிடித்துப் பிடித்து மட்டம் பார்த்தார். கிழக்குக் கோடியில், வாய்க்காலுக்குச் சற்று முன்னால் ஒரு வடிகட்டும் தொட்டி கட்டினால் போதும் என்றார். அந்த இடம் நகராட்சிப் புறம்போக்கு. அதில் தலைவர் வாழையும் குரோட்டன்ஸும் வைத்திருந்தார்.

"எங்க வீட்டு வாசல்லயா சாக்கடைத் தொட்டி?" என்றார் தலைவர்.

"சார், தெருவுலயே உங்க வீடுதான் பள்ளத்துல இருக்கு. தண்ணி அங்கனதான வரும்?"

அந்த ஒரு வார்த்தையில் வாய்க்காலின் தலையெழுத்து மாறியது. சர்வீஸ் முழுக்க ஜீப்பில் போன மனிதரின் வீட்டைப் பார்த்துப் பள்ளம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். தலைவரின் முகம் சிவந்தது.

"என்னவே பேசுதீரு? எங்க அப்பா கட்டுன வீடு பள்ளமா? மூணு படி ஏறித்தான உள்ள வந்தீரு?"

என்ஜினீயர் படியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அதிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுருட்டிக்கொண்டார்.

அடுத்த கூட்டம் தலைவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. சாக்கடையை மேற்கே திருப்பி, மெயின் ரோட்டுப் பெரிய சாக்கடையில் சேர்க்க வேண்டும் என்பது தலைவரின் திட்டம். மேடான பக்கம் தண்ணீர் எப்படி ஏறும் என்று நான் கேட்டேன். எங்கள் வீடு இருக்கிற நடுத்தெருவில் தேங்கினால் என் கிணறு போய்விடும் என்றும் சொன்னேன்.

"டீச்சர், நீங்க பைய பேசுங்க. பொது நன்மைனு வந்துட்டா சொந்தக் கிணறு, சொந்த வீடுனு பாக்கப்பிடாது," என்றார், தன் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

கவுன்சிலர் அம்மாளின் கணவர் தொண்டையைச் செருமினார். "மக்கள் என்ன சொல்லுதாகளோ அதத்தான் நகராட்சி செய்யும். கை தூக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

காப்பி வந்தது. நுரை பொங்க, நல்ல டிகாக்‌ஷன். குடித்து முடித்ததும் எல்லாக் கைகளும் எழுந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரின் கையும் எழுந்தது. வீட்டுக்கு வந்து நான் பிடித்த பிடியில் அவர் சொன்னார்: "ஏளா, அண்ணாச்சி மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படித் தூக்காம இருக்க? அவுக வீட்டுக் காப்பியக் குடிச்சாச்சுல்லா." பொதிகையில் பிறந்த ஆறே கிழக்கே கடலைப் பார்த்துப் போகிறது. எங்கள் தெருச் சாக்கடை மட்டும் மேற்கே மலையைப் பார்த்து ஓடும் என்று ஊர் கூடித் தீர்மானித்துவிட்டது. அதை எழுதியது என் கை. எதிர்ப்பு ஒன்று என்றும் சேர்த்து எழுதினேன்.

வேலை தொடங்கியது. கிழக்குப் பாதிக்குத் தலைவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கொத்தனார்கள் அவர் வாசலில் மேலாகவும், மேற்கே வர வர ஆழமாகவும் தோண்டிக் கட்டினார்கள். அவர் வீட்டுத் தண்ணீர் சமர்த்தாக மேற்கே ஓடியது. எங்கள் வீட்டைத் தாண்டியதும் பாறை வந்தது. பாறை உடைக்க எஸ்டிமேட்டில் இடமில்லை என்று காண்டிராக்டர் மேற்குப் பாதியைத் தரை போன போக்கிலேயே கட்டிவிட்டுப் போனார். அந்தத் தண்ணீர் எப்போதும்போல் கிழக்கே ஓடியது. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் எங்கள் வாசலில் சந்தித்தன. எங்கள் அடுப்படித் தண்ணீரையும் சேர்த்தால் மூன்று. பிறந்த ஊரைப் பார்க்க இனி பஸ் ஏறி வண்ணார்பேட்டை சுற்றிப் போக வேண்டாம், வாசலிலேயே முக்கூடல் வந்துவிட்டது என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திறப்பு விழாக் கல்லை எங்கள் தெருச் சுவரில்தான் பதித்தார்கள், நடுத்தெரு என்பதால்.

மழை பெய்த அன்று, தேங்கியதெல்லாம் பொங்கி, ரோட்டின் மேலேயே ஓடி, தலைவர் வாசலைத் தொட்டுக்கொண்டு வாய்க்காலில் போய் விழுந்தது. பழைய வழியை அது மறக்கவில்லை. மழை விட்டதும் மறுபடி எங்கள் வாசலில் தேங்கிக்கொண்டது.

முதலில் கொசு வந்தது. பிறகு ஒருநாள் பருப்பை அடுப்பில் வைத்தபோது வாடை வந்தது. பாத்திரத்தை மாற்றினேன், பருப்பை மாற்றினேன். கடைசியில் வாளியை முகர்ந்து பார்த்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம்தான் மிச்சம் இருந்தது. என்ஜினீயரைத் தேடிப் போனால், அவருக்கு மாற்றலாகிவிட்டிருந்தது. தலைவரிடம் போனேன்.

"தீர்மானம் தப்புன்னு நாமளே இன்னொரு தீர்மானம் போட்டா நமக்கு என்ன மரியாத இருக்கு டீச்சர்? நாளாச்சுன்னா தெளியும்."

அடுத்த கூட்டத்தை எங்கள் வீட்டில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். செயலாளர் வீடு, மறுக்க முடியவில்லை. மூக்கைக் கைக்குட்டையால் துடைப்பதுபோல் பொத்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். நான் காப்பி கொண்டு வந்தேன். கிணற்றுத் தண்ணீரில் போட்டது. யாரையும் குடிக்க விடுவதாக இல்லை. மணமே சொல்லிவிடும் என்று தெரியும். தலைவர் டம்ளரை வாய் வரைக்கும் கொண்டு போய் நிறுத்தினார்.

"என்ன தண்ணி டீச்சர் இது?"

"நீங்க போட்ட தீர்மானத் தண்ணிதான் அண்ணாச்சி."

ஒவ்வொரு டம்ளராகக் கீழே இறங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இப்போதாவது சாக்கடையைப் பற்றிப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். கவுன்சிலர் அம்மாளின் கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். கூட்டம்தோறும் காப்பி கொடுப்பதால் வீட்டுப் பெண்களுக்குச் சிரமமாக இருப்பதை அவர் வெகுநாளாகக் கவனித்து வருகிறாராம். இனிமேல் குழுக் கூட்டங்களில் காப்பி வழங்குவதில்லை என்று ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். தலைவர் வழிமொழிந்தார். எல்லாக் கைகளும் எழுந்தன.

என் கணவர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான் நன்றியுரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் போகவும் இல்லை.

கிணற்றைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிட்டோம். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் சமைக்கிறேன். சில நாள் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே கிடக்கும். அந்த நாட்களில் என் கணவர் அடுப்படிப் பக்கம் வருவதில்லை.